பழைய ஜீப்பின் சேசிஸைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்து இளைஞர் ஒருவர் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கருஞ்சிவப்பு வண்ணம் புதிதாக அடித்து, புதுக் கான்வாஸ் கூரை போட்டு, மாப்பிள்ளை போல் நின்றது வண்டி. குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடினார்கள். பலர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சேசிஸ் முழுவதும் தார் போன்ற கறுப்புப் பூச்சு, ஓர் ஊசி முனை இடம்கூட விடாமல்.

"இதுக்குக் கீழே என்ன இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"சூப்பரா கோட்டிங் பண்ணிக் கொடுத்திருக்காங்க அங்கிள். இன்னும் பத்து வருஷத்துக்குத் தொடவே வேண்டாமாம்" என்றார்.

இதே வார்த்தையை 2004-இல் ஒரு பட்டறையில் நானும் கேட்டிருக்கிறேன். நம்பினேன். அதன் பலனையும் அனுபவித்தேன். நம்மவர்களில் பலரிடம் பழைய ஜீப்பும் அதுபோன்ற கரடுமுரடுப் பாதை வண்டிகளும் இருப்பதால், தெரிந்ததை எழுதி வைப்போம் என்று தோன்றியது.

நான் செய்த தவறு

என் ஜீப் ஏலத்தில் போன வண்டி. இரண்டு கை மாறி 1999-இல் என்னிடம் வந்தது. ஐந்து மழைக்காலம் கழித்துப் பின்பக்க ஃபிரேமில் துரு தெரிந்ததால் பட்டறையில் விட்டேன். ஜீப்பின் ஃபிரேம் ஏணி போன்றது. இரு பக்கமும் நீளமான இரண்டு சேனல்கள், அவற்றை இணைக்கக் குறுக்குச் சட்டங்கள். என் வண்டியில் பின்பகுதிச் சேனல் ஒரு பக்கம் திறந்த சி வடிவம். "திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி வெல்டிங் அடித்துவிட்டால் இரட்டைப் பலம்" என்றார் பட்டறைக்காரர். மேலே கறுப்புப் பூச்சும் அடித்துத் தருவதாகச் சொன்னார்.

மூடிய பெட்டிக்குப் பலம் கூடும் என்பது கணக்குப்படி சரிதான். டிப்ளமா படித்த நானும் தலையாட்டினேன். உள்ளே இருக்கும் துருவைச் சுரண்டி எடுத்தீர்களா, உள்ளே போகும் தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும் என்ற இரண்டு கேள்விகளை நான் கேட்கவில்லை. ரயில் பெட்டிகளில் அன்றாடம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான்.

2009 ஆகஸ்டில் குடும்பத்தோடு மால்ஷேஜ் காட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. வளைவு ஒன்றில் மெதுவாக இறங்கும்போது 'மடார்' என்று ஒரு சத்தம். வண்டி இடது பின்பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர், ஃபிரேமின் ஒரு துண்டோடு சேர்ந்து பிய்ந்து வந்திருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த பெஞ்சில்தான் என் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வேகம் குறைவாக இருந்ததால் யாருக்கும் அடி இல்லை. நெடுஞ்சாலையில் அறுபதில் போகும்போது நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிறகு வேறொரு பட்டறையில் அந்தத் தகட்டை அறுத்துத் திறந்தோம். உள்ளே ஈரச்சேறு. சேனலின் கீழ் மடிப்பு அப்பளம் அப்பளமாகக் கையோடு வந்தது. வெளியே கறுப்புப் பூச்சு மட்டும் புதிது போல் பளபளத்துக்கொண்டிருந்தது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. மழையே பெய்ய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியத் தொடங்கி, துரு வேகம் பிடிக்கும். உப்பு இருந்தால் அதைவிடக் குறைந்த ஈரமே போதும். கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் பழைய ரயில் பாலம் சாட்சி. 1914-இல் திறந்து, தலைமுறை தலைமுறையாகச் சுரண்டி வண்ணம் பூசிக் காத்துவந்த பாலம் அது. இறுதியில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்திவிட்டு, பக்கத்தில் கட்டிய புதிய பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம், காற்று குறைவாகப் புகும் இடத்தில்தான் துரு ஆழமாக அரிக்கும். சேற்றுக்கு அடியிலும், இரண்டு தகடுகளுக்கு நடுவிலும், உரிந்த பெயின்டுக்குக் கீழேயும் ஈரம் இருக்கும், காற்று குறைவாக இருக்கும். சுற்றிலும் காற்றுப்படும் இரும்புக்கும் இந்த இடத்துக்கும் இடையே ஒரு சிறு மின்கலம் போன்ற அமைப்பு உண்டாகி, மறைவிடத்து இரும்பு கரையும். அதனால்தான் வெளியே நல்லதாகத் தெரியும் ஃபிரேம் உள்ளே சொத்தையாகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பருமன் பல மடங்கு அதிகம். ரிவெட் அடித்த இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு வளர்ந்தால், அந்தத் தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும்.

ரயில் பெட்டிகளிலும் இதே கதைதான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 1955 முதல் பழைய வகைப் பெட்டிகள் தயாராயின. அவை பழுது பார்க்க வரும்போது கூரையைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இருக்காது. நேராகக் கழிப்பறைக்குக் கீழுள்ள தரைத்தகட்டையும், வாசற்படி ஓரத்தையும், பக்கவாட்டில் ஓடும் சோல்பாரையும்தான் பார்ப்போம். ஜன்னல் வழியாகச் சுவருக்குள் இறங்கும் நீர் அடி மடிப்பில் தங்கும். அங்குள்ள வடிகால் துளை குப்பையால் அடைத்திருந்தால் அந்த இடம் போயிற்று என்று அர்த்தம். மழை முழுவதையும் வாங்கும் கூரை பிழைத்திருக்கும். துளி நீர் தேங்கும் மூலை மக்கிவிடும். 2018 ஜனவரியோடு அந்த வகைப் பெட்டிகளின் தயாரிப்பு நின்றது. இப்போது வருகிற எல்.எச்.பி. பெட்டிகளில் துருப்பிடிக்காத எஃகு பயன்படுகிறது. நம் ஜீப்புக்கு அந்த வசதி கிடையாது.

ஆக, நனைந்த இரும்பு சீக்கிரம் காய்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். நீர் வடிய வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. என்ன பூசலாம் என்பது அதற்கு அடுத்தது.

எங்கே பார்க்க வேண்டும்?

ஸ்பிரிங் ஹேங்கர், ஷேக்கிள் பொருந்தும் இடங்கள் முதலாவது. இங்கே தகடுமேல் தகடு இருக்கும், சுமையும் அதிகம். இரண்டாவது, ஸ்டியரிங் பாக்ஸை ஃபிரேமில் பிடித்திருக்கும் இடம். மூன்றாவது, சக்கரங்களுக்கு நேர் எதிரே உள்ள ஃபிரேம் பகுதி. டயர் வாரி அடிக்கும் கல்லும் சேறும் அங்குதான் பெயின்டை உரிக்கும். நான்காவது, பாடியும் ஃபிரேமும் சேரும் இடத்தில் வைத்திருக்கும் ரப்பர் அல்லது கான்வாஸ் அட்டைகள். இவை நனைந்த துணி போல் நாள் கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். ஐந்தாவது, பின்பக்கக் கடைசிக் குறுக்குச் சட்டம். ஆறாவது, பேட்டரித் தட்டுக்குக் கீழே உள்ள பகுதி. அங்கே ஆசிட் கசிந்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கிய பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

வண்டிக்குக் கீழே போகுமுன் ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். துருப்பிடித்த ஃபிரேமில் ஜாக்கி வைத்த இடமே அமுங்கிப்போவதும் உண்டு. ஆகவே ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுப்பது நல்லது.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சிறு சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச் லைட் போதும். அந்தக் காலத்தில் ரயில் நின்றதும் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போவார்களே, அதே முறைதான். ஃபிரேமை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். மக்கிய இடம் 'சொத்' என்று மங்கலாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அது பெயின்ட் வேலை அல்ல, வெல்டிங் வேலை.

அடுத்தது நீர்ச் சோதனை. மூடிய பகுதி எங்கு இருந்தாலும், அதன் மேல் முனையில் உள்ள துளை வழியாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே வடிகால் துளை வழியாக அது முழுவதும் வெளியேற வேண்டும். வராவிட்டால் வளைத்த கம்பியை விட்டுக் குத்தி, உள்ளிருக்கும் மண்ணைக் கிளறி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். புதுத் துளை போட வேண்டியிருந்தால், சேனலின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடாதீர்கள். சுமையால் வரும் இழுப்பும் அழுத்தமும் அந்த இரண்டு மடிப்புகளில்தான் அதிகம். அங்கே போட்ட துளை நாளடைவில் விரிசலாக மாறலாம். நான் செய்தது போல் பிற்பாடு தகடு வைத்து மூடிய இடமானால், ஒட்டிய தகட்டின் அடியோரத்தில் வழி செய்யலாம். தகட்டையே எடுத்துவிடுவது அதைவிட நல்லது.

சுத்தம் செய்வது

முதலில் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் சேற்றையெல்லாம் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள். பிறகு சுரண்டியாலும் கம்பி பிரஷ்ஷாலும் அடுக்கடுக்காக உரியும் துருவை எடுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். பிரேக் குழாயும் டீசல் குழாயும் ஃபிரேமை ஒட்டியே ஓடுகின்றன. அவற்றை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

துரு முழுவதும் போய் வெள்ளை இரும்பு தெரிந்தால் மிக நல்லது. வீட்டு வாசலில் அது நடக்காது. குழிகளில் கொஞ்சம் துரு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதற்குத்தான் துரு மாற்றி என்று கடையில் கிடைக்கும் திரவங்கள். அவற்றில் பாஸ்பாரிக் ஆசிட் அல்லது டானிக் ஆசிட் இருக்கும். இரண்டாவது நமக்குப் பழக்கமானதுதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை தயாரித்தார்களே, அந்த மையின் கறுப்பும் கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து வருவதுதான். துருவின் மேல் தடவினால் அது நீலம் கலந்த கறுப்பாக மாறி நிலைபெறும். இதற்காக வீட்டுக் கடுக்காயை அரைக்க வேண்டாம். கடைத் திரவத்தையே டப்பாவில் சொன்னபடி பயன்படுத்துங்கள். உதிரும் துருவின் மேல் இதைத் தடவிப் பயனில்லை. இறுகப் பிடித்த மெல்லிய துருவுக்கு மட்டுமே இது உதவும்.

பூசுவது

பட்டறைகளில் வழக்கமாக அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவானது, உலர்ந்த இடத்துக்குப் போதுமானது. அதன் சிவப்பு நிறமும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான். அதை மட்டும் அடித்துவிட்டு மழையில் நிறுத்தினால் நீரைத் தடுக்காது, மேலே கண்டிப்பாக எனாமல் வேண்டும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எப்பாக்சி பிரைமர் சேசிஸுக்கு இன்னும் உகந்தது. சிங்க் பாஸ்பேட் கலந்தது கிடைத்தால் வாங்குங்கள். கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மீதியை எடுத்து வைக்க முடியாது. சிங்க் அதிகம் உள்ள பிரைமர் என்று ஒன்று விற்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அது பளிச்சென்ற வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். துருவின் மேல் அடித்தால் காசு வீண்.

ஓரங்களிலும் ரிவெட் தலைகளிலும் பெயின்ட் விலகி மெல்லியதாகிவிடும். ஆகவே முதலில் அந்த இடங்களுக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுத்துவிட்டு, பிறகு முழுவதும் இரண்டு கோட் அடியுங்கள். பனி படிந்த இரும்பின் மேல் காலையில் அடிக்காதீர்கள். இந்தப் பக்கம் ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

தார்ப் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தமான, பிரைமர் அடித்த இரும்பின் மேல் அதைப் பூசினால் கல் அடிக்குத் தாங்கும். துருவின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறோம். வருடம் போகப் போகப் பூச்சு வெடிக்கும். வெடிப்பின் வழி போகும் நீர் திரும்பி வராது.

உட்புறத்துக்குப் பெயின்ட் சரிப்படாது, பிரஷ் எட்டாது. அங்கே மெழுகு கலந்த துருத்தடுப்புத் திரவத்தை நீளமான குழாய் வைத்த ஸ்பிரேயால் அடிக்க வேண்டும். அது ஊர்ந்து இடுக்குகளில் புகும். வடியும் துளைகளை மட்டும் பிறகு கம்பியால் திறந்துவிடுங்கள். பலர் கழிவு எஞ்சின் ஆயிலை அடிக்கிறார்கள். அதில் எஞ்சினில் உண்டான அமிலமும் அழுக்கும் கலந்திருக்கும், ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், தரையில் சொட்டிக் கிணற்று நீரையும் கெடுக்கும். ஒன்றுமே செய்யாததற்கு அது மேல் என்றாலும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பேட்டரியில் இணைத்தால் வண்டி முழுவதும் துருப்பிடிக்காது என்று ஒரு மின்னணுக் கருவியும் விற்கிறார்கள். கப்பலின் அடிப்பாகத்தையும் மண்ணில் புதைத்த குழாயையும் மின்சாரத்தால் காப்பது உண்மைதான். அவை நீரிலோ ஈரமண்ணிலோ முழுவதும் மூழ்கியிருப்பதால் மின்சாரம் சுற்றிவர வழி இருக்கிறது. காற்றில் நிற்கும் ஜீப்புக்கு அந்த வழி இல்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு டப்பா நல்ல பிரைமர் வாங்கலாம்.

சேசிஸ் எண்ணும் சட்டமும்

சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும், ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். எண் துருவில் அழிந்திருந்தாலோ, தடித்த பெயின்டில் மூழ்கியிருந்தாலோ வீண் அலைச்சல். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் ஆழமாகத் தேய்க்காமல், துணியால் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். ஃபிரேமில் துண்டு மாற்றும்போது எண் பொறித்த பகுதியில் கைவைக்காதீர்கள். முழு ஃபிரேமையே மாற்றுவதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகே செய்யுங்கள்.

ஹேங்கர் அருகிலோ ஸ்டியரிங் பாக்ஸ் அருகிலோ ஓட்டை விழுந்திருந்தால், மேலே தகடு ஒட்டுவது கூடாது. கெட்ட பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் துண்டு சேர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பையும் டீசல் டாங்கையும் கழற்றிவிட வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று நாள்

இவ்வளவும் செய்தபின் பராமரிப்பு சுலபம். மழைக்கு முன் மே மாதம் ஒரு நாள், வடிகால் துளைகளைக் குத்திப் பார்த்து, உரிந்த இடங்களுக்குப் பெயின்ட் தொட்டு, மெழுகுத் திரவம் அடியுங்கள். மழை முடிந்ததும் அக்டோபரில் ஒரு நாள், அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். ஜனவரியில் ஒரு நாள் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஷேக்கிளுக்குக் கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸும் நீரும் வெளியே பிதுங்கி வரும்வரை அடியுங்கள். கடற்கரை மணலில் ஓட்டினால் அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மண் தரையிலும் புல்லிலும் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். காற்றே புகாமல் பாலிதீன் உறை போட்டு மூடுவதும் கெடுதல்தான், உள்ளே வியர்த்து நனையும்.

பொங்கல் விழாவுக்கு வந்த இளைஞர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு என் வீட்டுக்கு வந்தார். தாரால் அடைபட்டிருந்த வடிகால் துளை ஒன்றைக் கம்பியால் குத்தியதும், பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்து வாசலில் தேங்கியது. மழை நின்று மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. தாரைச் சுரண்டித் தட்டிப் பார்த்தோம். வலது பின் ஹேங்கர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் இரும்பு மெலிந்திருந்தது, மற்ற இடம் உறுதியாக இருந்தது. அந்தத் துண்டை மாற்றி, மேலே சொன்னபடி எல்லாம் செய்து, இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

என் ஜீப்பும் இன்றுவரை ஓடுகிறது. அந்தத் தகட்டை மறுபடி வைக்கவில்லை, சேனல் திறந்தே இருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கம்பியை எடுத்து வடிகால் துளைகளைக் குத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது வண்டியையும் கொண்டு வாருங்கள். என் சுத்தியலோடு நானும் வருகிறேன்.